பெற்றவளிடம் பெயர் கேட்டது பற்றி

திருப்பதி, 14.9.1999

1. எழுதுபவன்: கங்கையா, பொன்னியம்மா தம்பதியின் மகனும், பி.எல். படித்தவனும், இங்குள்ள ஒரு மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் அனுப்பும் தொலைபேசிப் பிரிவில் பணிபுரிபவனுமாகிய கோவர்த்தனன்.
2. எழுதப்படுவது: என் தாயாருக்கு.

அம்மா, வணக்கம். நான் நலம். நைனா மாத்திரைகளை வேளை தவறாமல் எடுத்துக்கொள்கிறாரா? அவரைப் பார்க்க நான் வார்டுக்கு வந்தபோதெல்லாம் நீங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். அதற்கான விளக்கம் இது.

அன்று காலை நீங்கள் அழைத்ததும் பெயரும் இடமும் கேட்டேன். "பெத்தவ கொரலு உனுக்குத் தெரியலியாடா? நைனா மாரைப் புடிச்சிக்கினு கீறாரு, நீ பேரு கேட்டுக்கினு கீறியே!" என்றீர்கள்.

குரல் முதல் சொல்லிலேயே தெரிந்தது. தெரிந்ததால்தான், கேட்பதற்கு முன்பே, பதிவேட்டில் நகரியிலுள்ள நம் வீட்டு முகவரியை எழுதிவிட்டேன். யாராயினும் கேட்டாக வேண்டும் என்பது விதி, ஆகவே கேட்டேன். கார்வேட்டிநகரத்தில் மாமா வீட்டில் இருப்பதாகச் சொன்னீர்கள். கேட்காதிருந்தால், வண்டி நகரிக்குப் போய்ப் பூட்டிய கதவின் முன் நின்றிருக்கும்.

அடித்துத் திருத்திய அந்த வரியின் நகலை இணைத்துள்ளேன். அருகிலுள்ள என் சுருக்கொப்பம் சற்றுக் கோணலாக இருக்கிறது, பொருட்படுத்த வேண்டாம்.

மாமா இந்தப் பக்கம் வந்தால், உங்கள் பழைய போர்வை ஒன்றும் எலுமிச்சை ஊறுகாயும் கொடுத்தனுப்புங்கள். ஞாயிறு மாலை என் விடுதி எண்ணுக்கு அழையுங்கள். அங்கே நான் பெயர் கேட்க மாட்டேன்.

பணிக்கு நேரமாகிவிட்டது.

(ஒப்பம்) க. கோவர்த்தனன்

திருத்தத்தை நேரில் கண்ட சாட்சிகள்:
1. சுமித்ரா, செவிலியர்
2. தேவயானி, உடன் பணிபுரிபவர்