செல்வி கேட்டது

நவம்பர் 12, புதன்

பெரும்பாக்கத்தில் எங்கள் சபை எஸ்தர் அக்காவுக்காக ஜெபிக்கப் போனேன். பக்கவாதம் வந்ததிலிருந்து அவர் படுத்த படுக்கைதான். லிஃப்ட் ஓடாததால் எட்டு மாடி ஏறி, மூச்சு வாங்க வாசலில் நின்றபோது உள்ளே யாரோ எழுத்துக்கூட்டி பைபிள் வாசிக்கும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுச் செல்வி. நெற்றி நிறையக் குங்குமம். தினமும் அக்காவைத் துடைத்துவிடுவதும், ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவதும் அவள்தானாம். அவளிடம் இயேசுவைப் பற்றி எப்படிப் பேச்செடுப்பது என்று யோசித்தேன். அவளே எடுத்தாள்.

"இன்னா சிஸ்டர், சாமியே குனிஞ்சு சீஷருங்க காலைக் கழுவுச்சா?"

"ஆமா. ஒருத்தர் மட்டும் முதல்ல வேணாம்னு தடுத்தார்."

"இந்த அக்காவும் அப்டித்தான். மொத நாளு நான் காலைக் கழுவிவுட சொல்லோ, வேணாம்னு ஒரே அழுகை."

எஸ்தர் அக்கா கோணிய வாயால் சிரித்தார். செல்வி மேலே வாசித்து, சட்டென்று நிறுத்தினாள்.

"காட்டிக் குடுத்தவனும் அங்கதான் குந்திகினு இருந்தானா? அவன் காலையுமா கழுவுனாரு?"

"கழுவினார்."

"தெரிஞ்சேவா?"

"தெரிஞ்சேதான்."

பைபிளை மூடி மடியில் வைத்தாள். "அது என்னால ஆவாது சிஸ்டர்."

"என்னாலயும் முடியாது செல்வி" என்றேன்.

பன்னிரண்டு வருட ஊழியத்தில் எந்த வீட்டிலும் நான் இப்படிச் சொன்னதில்லை. இந்த அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். காட்டிக் கொடுத்த யூதாஸின் கால்களை இன்றுதான் பார்த்தேன்.

இரும்புலியூரில் வீட்டுக்கு வந்து படுத்தும் தூக்கமில்லை. ஆண்டவரே, உம்மால் எப்படி முடிந்தது?