பூட்டை உடைத்தவர் வழக்கு

அன்புள்ள சித்திக்கு,

முதலில் எனக்கு ஒரு சத்தியம் செய்து கொடுங்கள். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. சித்தப்பாவிடம் வேண்டவே வேண்டாம். அவருக்கு ஓட்டை வாய் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். போனில் சொல்லலாமென்றால் அம்மா உங்களோடு எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுகிறாள். அதனால்தான் நடுராத்திரியில் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள்.

அம்மா பெயரில் நான் ஒரு குற்றம் செய்துவிட்டேன், சித்தி.

அம்மா சட்டத்தில் முனைவர் பட்டம் படிக்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். எதைப் பற்றி என்று தெரியுமா? அவள் தோற்றுப்போன அந்தக் குழாய் வழக்குதான். ஒருவர் வெளியூரில் இருக்கும்போது அவர் வீட்டில் குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டுகிறது. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்து உள்ளே போய்த் தண்ணீரை நிறுத்துகிறார். ஊரிலிருந்து திரும்பியவர் நன்றி சொல்ல வேண்டாமா? வழக்குப் போட்டார்! பூட்டை உடைத்தவருக்காக வாதாடியது அம்மா. ஒருவரைக் கேட்காமல் அவருக்கு நல்லது செய்தால் சட்டத்தில் அதற்கு என்ன இடம் என்பதுதான் அவள் ஆராய்ச்சி. வழக்கு முடிந்தும் அந்த உடைந்த பூட்டு நம் வீட்டில்தான் கிடக்கிறது என்று அப்பா கேலி செய்வார்.

கேலிக்குக் காரணம் உண்டு. பாத்திரம் தேய்க்கும்போதெல்லாம் அம்மா இரண்டு பக்கமும் வாதாடுவாள். தன் பக்கத்துக்குத் தன் குரல். எதிர்க்கட்சி வக்கீலுக்கு மூக்கால் ஒரு குரல். ‘இந்த வீட்ல வாதியும் உங்கம்மா, பிரதிவாதியும் உங்கம்மா. நான் வெறும் சாட்சி, அதுவும் பிறழ்சாட்சி’ என்பார் அப்பா. அம்மா கரண்டியைக் காட்டி அவரைக் கூண்டில் ஏறச் சொல்வாள்.

கடைசித் தேதியன்று எல்லாவற்றையும் நிரப்பிவிட்டு வெகுநேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பிறகு, ‘ஏழு கழுதை வயசாச்சு, நேர்காணல்ல சின்னப் பிள்ளைங்க வரிசையில போய் உட்காரவா? போதும்டி’ என்று சொல்லிவிட்டு அணைக்காமலே எழுந்து போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் அனுப்பிவிட்டேன். ‘மேற்கண்டவை அனைத்தும் உண்மை என உறுதியளிக்கிறேன்’ என்ற இடத்தில் அம்மாவுக்குப் பதிலாக நானே டிக் போட்டேன். இதற்கு ஜெயில் உண்டா, சித்தி?

அதைவிடப் பெரிய கூத்து மறுநாள்தான் தெரிந்தது. அவளுடைய ஆராய்ச்சித் திட்டத்துக்கு ஒரே பெயரில் இரண்டு பிரதி இருந்திருக்கிறது. நான் இணைத்தது சுத்தப் பிரதி இல்லை. மூக்குக்குரல் வக்கீல் சொல்வதையெல்லாம் அம்மா ஓரத்தில் சிவப்பில் எழுதி வைத்திருந்த பிரதி! ‘இது வாதமில்லை, புலம்பல்.’ ‘கட்சிக்காரர் மேலுள்ள பாசத்தில் எழுதியது, அடித்துவிடு.’ கடைசிப் பக்கத்தில், ‘துணிச்சல் வேறு, அதிகாரம் வேறு. இதற்கு என்ன பதில்?’ அம்மாவின் மானத்தை நானே கப்பலேற்றிவிட்டேனே!

அம்மாவோ தேதி போய்விட்டது என்று நினைத்து ஊமையாகிவிட்டாள். விண்ணப்பத்தில் கொடுத்த மெயிலைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. சமையலறையில் பாத்திரம் மட்டும்தான் பேசுகிறது. நேற்று அப்பாவே பொறுக்க முடியாமல், ‘ஒரு வாய்தாவாவது வாங்கிப் பேசேன்’ என்று கெஞ்சினார். அவள் சிரிக்கவில்லை.

இன்று பள்ளிக்கூடம் விட்டு வந்து மெயிலைப் பார்த்தேன். பதில் வந்திருக்கிறது, சித்தி! அடுத்த மாதம் நேர்காணல்! தன் வாதத்தைத் தானே இப்படி இரக்கமில்லாமல் குறுக்கு விசாரணை செய்த விண்ணப்பத்தை இதுவரை பார்த்ததில்லை என்றும், அந்தக் கடைசிச் சிவப்புக் கேள்விக்கு நேரில் பதில் கேட்க ஆவலாக இருக்கிறோம் என்றும் துறைத் தலைவரே எழுதியிருக்கிறார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் குதித்தேன்.

ஆனால் இனிமேல்தான் பயமே. அம்மாவைத் தெரியுமல்லவா? கடைக்காரர் சில்லறை கூடக் கொடுத்துவிட்டால் வெயிலில் திரும்பி நடப்பவள். ‘நான் அனுப்பவில்லை, என் பெண் அனுப்பினாள்’ என்று உண்மையை எழுதி விலகிவிடுவாள். அவளாக ஏற்றுக்கொண்டால்தான் நான் செய்தது செல்லும். இல்லாவிட்டால் நான் வெறும் பூட்டு உடைத்த திருடி. அக்காவை மிரட்ட உங்களால் மட்டும்தான் முடியும். தயவுசெய்து…

சித்தி, ஹாலில் யாரோ பேசுகிறார்கள். அப்பாவின் குறட்டை உள்ளே கேட்கிறது, அவரில்லை.

மூக்குக்குரல்! ஐயோ, ஹால் கம்ப்யூட்டரில் மெயிலை மூடாமலே வந்துவிட்டேன்.

‘துணிச்சல் வேறு, அதிகாரம் வேறு, கனம் கோர்ட்டார் அவர்களே’ என்கிறது மூக்குக்குரல். அடுத்தது அம்மாவின் சொந்தக் குரல்: ‘சரி, சம்பந்தப்பட்டவளே பின்னாடி ஒத்துக்கிட்டா?’ சிரிக்கிறாள், சித்தி. அம்மா தனியாகச் சிரிக்கிறாள்.

இங்கேதான் வருகிறாள். கதவைத் தட்டுகிறாள். ‘என் வீட்ல நான் எதுக்குத் தட்டணும்’ என்று தடாலென்று திறப்பவள், தட்டிவிட்டு நிற்கிறாள். ‘குட்டி வக்கீல், உள்ள வரலாமா?’ என்று என்னைக் கேட்கிறாள்!

அவளை வாழ்த்துங்கள் சித்தி, முடிந்தால் என்னையும், டார்ச்சை அணைக்க…