தாய்வீட்டுப் பிரசவம்

மேலச்சோலை
7.10.2025, செவ்வாய்

அன்புள்ள மச்சானுக்கு,

ஷெரின் எழுதுவது. நானும் வயிற்றுக்குள் இருப்பவரும் சுகம். அங்கே நீங்கள் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று தெரியாமல் எனக்கு இங்கே சோறு இறங்கவில்லை.

போன் போடவில்லை என்று கோபப்படாதீர்கள். சிக்னல் வேண்டுமென்றால் யானைப்பாறை மேல் ஏற வேண்டும். எட்டு மாத வயிற்றோடு ஏறினால் காலை உடைத்துவிடுவேன் என்கிறார்கள் முனீஸ்வரி அக்கா. இந்த மலைக்கு மாதம் இரண்டு தடவை நடந்தே வருகிற நர்ஸ் அவர்கள்தான். அதனால் இனிமேல் கடிதம். ஏலக்காய் மூட்டை ஏற்ற செவ்வாயும் சனியும் ஜீப்பில் வரும் அழகுமலை அண்ணன், ரோடு முடிகிற இடத்தில் வாங்கிக்கொண்டு அல்லிநகரத்தில் உங்கள் பைக் ஒர்க் ஷாப்பில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

வளைகாப்பு அன்று நடந்ததை மறக்கத்தான் பார்க்கிறேன், முடியவில்லை. முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் இரண்டு பக்கமும் உள்ள வழக்கம். அழைத்துப்போக வந்த அம்மாவிடம், அத்தனை சொந்தக்காரர்கள் முன்னால், “நோவுல கெடக்கவுகள உசுரோட எறக்கவே பாதை இல்லாத ஊரு. பெத்துக்கப் போறவள அங்கன அனுப்பவா?” என்று கேட்டீர்கள். என் அப்பா நெஞ்சுவலியோடு, போர்வையைக் கம்பில் கட்டித் தூக்கிவரும்போது பாதி வழியில், ஒரு வளைவில் உயிர் போனவர். அது உங்களுக்குத் தெரியும். அம்மா நீங்கள் கொடுத்த தண்ணீரைக்கூடத் தொடாமல் எழுந்தாள். நான் பின்னால் வந்தது உங்களை விட்டுப்போக இல்லை. அவளைத் தனியாக அனுப்ப மனசு வரவில்லை.

வேறு விசேஷம் இல்லை. பாத்ரூமில் உட்கார்ந்தால் எழுந்திருக்கப் பிடிமானம் கிடையாது. சுவரைப் பிடித்தால் சுவரும் வழுக்குகிறது. இதையெல்லாம் உங்களிடம்தானே சொல்ல முடியும்.

உங்கள் ஷெரின்


அல்லிநகரம்
11.10.2025

அன்புள்ள ஷெரினுக்கு,

உன் கடிதத்தைப் பத்துத் தடவை வாசித்துவிட்டேன். வாசித்த ஒவ்வொரு தடவையும் கோபம்தான் வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

நான் கேட்டது தப்பா? நம் வீட்டிலிருந்து பெரியாஸ்பத்திரிக்கு ஆட்டோவில் பத்து நிமிஷம். அதை விட்டுவிட்டு, ஜீப்பும் ஏறாத இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாய். உலகத்தில் எல்லாரும் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியைப் பார்த்துப் போகிறார்கள். நீ ஆஸ்பத்திரியை விட்டு மலையைப் பார்த்துப் போயிருக்கிறாய். கேட்டால் வழக்கம்.

நேற்று ஒரு வண்டிக்கு ஆயில் ஊற்ற மறந்து ஸ்டார்ட் பண்ணிவிட்டேன். வண்டிக்காரர் நல்ல மனுஷர், திட்டாமல் போனார். கை வேலையில் இருக்கிறது, புத்தி ஜீப் வருகிற கிழமையில் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை இறங்கி வந்துவிடு. ரோடு முடிகிற இடம் வரை நான் வருகிறேன். அதற்கு மேல் வரமாட்டேன். உன் அம்மா வீட்டு வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சொன்னவன் நான்.

அருண் ஜோசப்


மேலச்சோலை
18.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

முழுப்பெயரில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். பேங்கிலிருந்து வந்த கடிதம் என்று நினைத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் ரோட்டோரத்தில் காத்திருந்துவிட்டுத் திரும்பியதை அழகுமலை அண்ணன் சொன்னார். வர முடியவில்லை. நாலு நாளாக மழை, பாதையில் ஓடை ஓடுகிறது. மழை விட்டிருந்தாலும் வந்திருப்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

முனீஸ்வரி அக்கா வந்து பார்த்தார்கள். பிள்ளை நன்றாக இருக்கிறது. எனக்கு ரத்தம் ஒன்பதுதான் இருக்கிறதாம். இந்த ரத்தத்தோடு மலைமேல் பெற்றுக்கொள்ளவே கூடாது, அடிவாரத்துச் சுகாதார நிலையத்தில் பிரசவத்துக்குக் காத்திருக்கிறவர்கள் தங்க அறை இருக்கிறது, கூட ஒரு ஆளும் தங்கலாம், ஒன்பதாம் மாதம் பிறந்ததும் இறங்கி வந்துவிடுங்கள் என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்கள். அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். “கவர்மெண்டுக் கட்டில்ல போய்க் காத்துக் கெடக்க எம் மகளுக்கு என்ன ஆத்தா இல்லையா?”

நீங்கள் பேசிய பேச்சுக்கு அப்புறம் அவளிடம் எதைச் சொன்னாலும் அந்தப் பேச்சாகவே அவள் காதில் விழுகிறது. உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன்.

ஷெரின்


அல்லிநகரம்
21.10.2025

ஷெரின்,

மூன்று பக்கம் எழுதினேன். எல்லாம் சண்டை. கிழித்துவிட்டேன்.

பேரீச்சம்பழமும் டார்ச் லைட்டும் அனுப்பியிருக்கிறேன். சத்து மாத்திரையை டீயோடு போடாதே, உடம்பில் ஒட்டாதாம், மருந்துக்கடையில் சொன்னார்கள். மழை எப்படி என்று மட்டும் எழுது.

அருண்


மேலச்சோலை
25.10.2025

அன்புள்ள மச்சானுக்கு,

மழை விட்டுவிட்டது. வேறு விஷயம் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு வீடு தள்ளி சுகிர்தம் அக்கா இருக்கிறார்கள். முதல் இரண்டு பிள்ளையும் வீட்டிலேயே சுகமாகப் பிறந்தன. மூன்றாவதும் அப்படித்தான் என்று இருந்தார்கள். வியாழக்கிழமை காலையில் வலி வந்தது. மத்தியானம் வரை ஒன்றும் ஆகவில்லை. ஒருவர் யானைப்பாறைக்கு ஓடி முனீஸ்வரி அக்காவுக்குப் போன் போட்டார். என் அண்ணன் ஆண்டனி ராஜும் இன்னும் மூன்று பேரும் போர்வையைக் கம்பில் கட்டித் தூக்கினார்கள். அம்மாவும் கூடப் போனாள். நான் வாசலில் நின்றேன்.

கீழே ஆம்புலன்ஸை நிறுத்திவிட்டு நர்ஸ் அக்கா பாதையில் ஏறி வந்திருக்கிறார்கள். தூக்கிப்போனவர்களை அவர்கள் சந்தித்த இடம் அப்பா போன அதே வளைவு. அங்கே பாறைமேல் வைத்துத்தான் பிள்ளை பிறந்தது. அழவே இல்லை. சுகிர்தம் அக்காவுக்கு ரத்தம் நிற்கவில்லையாம். ஊசி போட்டு, வயிற்றை அமுக்கிப் பிடித்துக்கொண்டே நர்ஸ் அக்கா கீழே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். உயிர் தங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள்.

அம்மா அந்தக் கம்பைத் தூக்கிக்கொண்டு தனியாகத் திரும்பி வந்தாள். நேற்று, “மருமகன் வீட்டுல போய்ப் பெத்துக்கன்னு மகள அனுப்பிட்டு நான் எந்த மொகத்தோட ஞாயித்துக்கெழம வேதக்கோயிலுக்குப் போக?” என்றாள். போகாதே என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா. வழி தெரியாமல் நிற்கிறாள்.

எனக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்தால் அம்மா உடைந்துபோவாள். இங்கே இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. மச்சான், ரொம்பப் பயமாக இருக்கிறது.

ஷெரின்


அல்லிநகரம்
28.10.2025

அன்புள்ள ஷெரினுக்கு,

இத்தனை நாளும் நான் கேட்டது சரிதான் என்ற நினைப்பிலேயே இருந்தேன். உன் கடிதத்தைப் படித்தால் நான் சொன்னபடியேதான் நடந்திருக்கிறது. அதில் எனக்குத் துளி சந்தோஷம் இல்லை. மாமா போன பாதையை எடுத்து அத்தை முகத்தில் எறிந்திருக்கிறேன். நாலு பேர் முன்னால் எறிந்ததற்கு நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்கத் தயார். இந்த வரியை அத்தைக்கு வாசித்துக் காட்டு.

நம் வீட்டுக்கு வா என்று இனிமேல் சொல்லமாட்டேன். முனீஸ்வரி அக்கா வந்து ஒரு யோசனை சொல்வார்கள். அது அவர்களுடைய யோசனை. எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு நாள் கடை பூட்டியிருக்கும். ஏனென்று கேட்காதே.

உன் அருண்


சுகாதார நிலையத்துக்கு எதிர்வீடு, அடிவாரம்
9.11.2025, ஞாயிறு

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே சிக்னல் நன்றாகவே இருக்கிறது. இரண்டு நாளாகப் போனில் பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனாலும் போனில் சொன்னால் குறுக்கே பேசுவீர்கள். எழுதினால் முடியும்வரை கேட்டுத்தான் ஆக வேண்டும்.

முனீஸ்வரி அக்கா சொன்ன யோசனை இதுதான். மகள் அம்மா வீட்டுக்குப் போகத்தானே வேண்டும், அம்மா வீடு மலைமேல்தான் இருக்க வேண்டுமென்று எங்கே எழுதியிருக்கிறது? சுகாதார நிலையத்துக்கு எதிரே ஒரு வீடு காலியாக இருக்கிறது, நீங்கள் குடிவந்துவிடுங்கள் என்றார்கள். அம்மா இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் பாத்திரத்தை மூட்டை கட்டினாள். என்னை நாலு பேர் மெதுவாக நடத்திக் கூட்டிவந்தார்கள். அந்த வளைவில் அம்மா கொஞ்சம் நின்று சிலுவை போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மாதா படத்தை மாட்டி, பால் காய்ச்சினாள். வாடகை அவள் பெயரில், சாவி அவள் இடுப்பில். பால் பொங்கியதும் என்னைப் பார்த்து, “இப்ப வா ஆத்தா, இது ஒன் தாய்வீடு” என்றாள். அதுவரை என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தாள். நான் அழுதேன். டாக்டர் பார்த்தார், ரத்தம் கொஞ்சம் ஏறியிருக்கிறது. நாலு எட்டு வைத்தால் பிரசவ வார்டு. ஒன்றரை மாதம் கழித்து நன்றாகத் தூங்கினேன்.

இனிமேல் எழுதுவதற்குத்தான் நீங்கள் குறுக்கே பேசுவீர்கள். குளித்துவிட்டு வரலாமென்று பாத்ரூமுக்குப் போனேன். சுவரில், கைக்கு எட்டுகிற உயரத்தில், மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார். இரண்டு பக்கமும் புது ரப்பர் பிடி. நாலு போல்ட் போட்டு முறுக்கியிருக்கிறது. பிடித்து எழுந்து பார்த்தேன், யானையே தொங்கலாம்.

அம்மாவிடம் காட்டிக்கொள்ளாமல் வெளியே வந்தேன். பின்னாலேயே அம்மா போனாள். வெளியே வந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: “புடிச்சு எந்திரிக்க மருமகன் கம்பிய வச்சாக. வீட்ட எனக்கு விட்டுட்டாகல்ல.”

இன்று காலைப் பூசை முடிந்ததும் நல்ல சேலை கட்டினாள். கடிதம் எழுது, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று நிற்கிறாள். மருமகனை வீட்டுக்கு அழைக்கப் போனில் சொல்வது முறை இல்லையாம்.

இவ்வளவு நேரமும் அவளைக் கடை வாசலில் நிற்கவைத்துத்தான் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். தலையைத் தூக்கிப் பாருங்கள், மச்சான். உள்ளே கூப்பிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள். குடிக்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுகிறாள்.

உங்கள் ஷெரின்