ராக்கம்மா கேட்ட மன்னிப்பு

செவ்வாய், 11 மார்ச் 1986. பதுளை, இலங்கை.

பிரஜாவுரிமை விசாரணைக்கு அழைக்கப்படுவோரின் பட்டியலை எங்கள் அலுவலகக் கம்ப்யூட்டர்தான் அச்சிடுகிறது. போன வாரம் அந்த ப்ரோகிராமில் ஒரு குறியீட்டை வேண்டாததென்று அழித்தேன். அது எந்தெந்த வரிகளில் வருகிறதென்று காட்டும் கட்டளையை ஓட்டிப் பார்க்கவில்லை. அரைமணி நேரமாகும் என்ற சோம்பல்.

இன்று ஹாலிஎல தேயிலைத் தோட்டத்திலிருந்து ராக்கம்மா வந்தார். கணவரை இழந்தவர். பட்டியலில் அவர் பெயர் இல்லை.

"பதியும்போது விவரம் சரியா சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

"நாந்தான் ஏதாச்சும் பிழையா சொல்லியிருப்பேங்க, ஐயா. மன்னிச்சிருங்க." கும்பிட்டுவிட்டுப் போனார்.

பிறகுதான் கட்டளையை ஓட்டினேன். மூன்று வரிகள் அந்தக் குறியீட்டை நம்பியிருந்தன. விதவைகளைக் குறிக்கும் குறியீடு அது; அவர்கள் அத்தனை பேரும் பட்டியலில் விடுபட்டிருந்தார்கள்.

குறியீட்டைத் திரும்பச் சேர்த்துவிட்டேன். மேலதிகாரியிடம் மெஷின் கோளாறு என்றேன். நம்பினார். ராக்கம்மா என்னிடம் மன்னிப்புக் கேட்டதையும் சொல்லவில்லை.