மீனுக்கு மூக்குத்தி

ஆடி 15

காலையிலிருந்து மூட்டம். மழை இல்லை. நாளை கொல்லிமலைப் பயணம், அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு. கட்டுச்சோறு ஆகிக்கொண்டிருக்கிறது.

என் சம்சாரம் பாவாயிக்கு எழுத்துத் தெரியாது. அதனால் இந்த நோட்டில் மட்டும் உள்ளதை எழுதிவிடுகிறேன். இந்த வேண்டுதல் அவள் காய்ச்சலுக்காக இல்லை. சித்திரையில் ஏரி வற்றியபோது கெண்டைக் குழம்பு நாலாம் தரம் ஊற்றித் தின்று, முள் சிக்கி, கண் பிதுங்கி நின்றேனே, அதற்காக. பேச்சு வரவில்லை. மனசுக்குள்தான் வேண்டினேன்: சாமி, முள் இறங்கட்டும், உன் ஆற்று மீன் ஒன்றுக்கு மூக்குத்தி போடுகிறேன். பா. என் முதுகில் ஒரு குத்து விட்டாள். இறங்கிவிட்டது.

கோயிலை ஒட்டிய அந்த ஆற்று மீனை யாரும் தின்பதில்லை. வேண்டிக்கொண்டவர்கள் ஆடிப் பதினெட்டுக்குப் போய், ஒரு மீனைப் பிடித்து, மூக்குத்தி போட்டுத் திரும்ப விடுவார்கள். குழம்பு தின்று வந்த வினைக்கு மலையேறுகிறேன் என்று ஊரில் எப்படிச் சொல்வது? பங்குனியில் பா.வுக்குக் காய்ச்சல் வந்ததே, அதற்கு என்று சொல்லி வைத்தேன். மாமனார் ஊரில் எனக்கு ஏகப்பட்ட நல்ல பேர். "பொண்டாட்டிக்காவ மலையேறற மனுசன் பாருங்க." இரண்டு ஊட்டில் கோழி அடித்துப் போட்டார்கள். தின்றேன்.

சாயங்காலம் பா. தன் மூக்குத்தியைக் கழற்றிச் சுருக்குப் பையில் போட்டாள். தங்கம், ஒற்றைச் சிவப்புக் கல். அவள் அம்மா போட்டு அனுப்பியது.

"ஏம்புள்ள, அது எதுக்கு?"

"மீனுக்குங்க."

"பித்தளையில ஒண்ணு வாங்கிக்கலாம்."

"சாமிக்கு வேண்டிக்கிட்டு பித்தளைங்களா?"

தாலியை விட்டால் அவளிடம் தங்கம் என்று அது ஒன்றுதான். மூக்கு ஓட்டை தூர்ந்துபோகாமல் ஈர்க்குச்சி சொருகியிருக்கிறாள். என் பொய்யை நம்பித்தான் இப்படி. இரண்டு ராகி அடை தின்றேன்.

எடுத்துப் போவது: புளிச்சோறு, பொரி, கம்பளி, குடை (கிழிசல்), வெற்றிலை, சுண்ணாம்பு டப்பா.

ஆடி 16

வெயில். சேந்தமங்கலம் வரை கரி அடுப்பில் ஓடும் பஸ். சண்டைக் காலம், பெட்ரோல் இல்லை. ஏற்றம் வந்தால் எல்லோரும் இறங்கித் தள்ளு. டிக்கட் வாங்கியது பஸ்ஸா நானா என்று கண்டக்டரைக் கேட்டேன். இன்னும் ஓங்கித் தள்ளச் சொன்னார்.

அடிவாரத்தில் கடைகள். சிவப்புக் கண்ணாடிக் கல் வைத்த பித்தளை மூக்குத்தி கண்ணில் பட்டது. அசல் அவளுடையது போலவே. வாங்கிவிட்டேன்.

ஓடையில் குளிக்கப் போகும்போது சுருக்குப் பையை என்னிடமே கொடுத்தாள். "பத்திரமுங்க." பத்திரமாக மாற்றி வைத்தேன். பித்தளை பைக்குள். தங்கம் என் சுண்ணாம்பு டப்பாவுக்குள். அந்த டப்பாவை அவள் தொடமாட்டாள், எச்சில் என்பாள். மீன் பித்தளையோடு போகட்டும். வீட்டுக்குப் போனதும் கீழே கிடந்தது என்று சொல்லித் தங்கத்தைக் கொடுத்துவிடலாம். எப்படிக் கிடந்தது என்பதை இன்னும் யோசிக்கவில்லை.

உள்ளதைச் சொன்னால் ஆசை தங்கத்துமேல் இல்லை. அவள் கோபம் வந்தால் வாயைத் திறக்கமாட்டாள். மூக்கு விடைக்கும், கல் லேசாக ஆடும். அதைப் பார்த்துத்தான் இருபத்திரண்டு வருசமாகக் கேலியை எங்கே நிறுத்துவது என்று தெரிந்துகொள்கிறேன். ஈர்க்குச்சியில் ஒன்றும் தெரியவில்லை.

ஏற்றம். இறங்கி வருகிறவர்களிடம் எல்லாம் கேட்டேன்.

"இன்னும் எவ்வளவு தூரமுங்க?"

"இந்தத் திருப்பந்தானுங்க."

காலையிலிருந்து அந்தத் திருப்பந்தான்.

பொழுது சாயும் முன் மலைமேல் அரியூர் நாட்டில் சடையண்ணன் ஊடு. மிளகு கொண்டு கீழே வந்தால் எங்கள் ஊட்டில்தான் தங்குவார். அதனால் சத்திரம் தேட வேண்டியதில்லை. சாமைச்சோறு, அவரைக் குழம்பு, மலைவாழைப் பழம். "அம்மிணி, எளைச்சுப் போயிட்ட" என்றார் பா.விடம். என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை.

ஆடி 17

விடாத மழை. ஊட்டுக்குள்ளேயே இருப்பு. கால் வீக்கம். பா. நன்றாகத்தான் இருக்கிறாள். ஈர்க்குச்சியோடு சாமை புடைக்கிறாள்.

இந்த ஆற்று மீனை எவரோ ஒருகாலத்தில் நறுக்கிக் குழம்பு வைத்தார்களாம். துண்டெல்லாம் ஒன்று சேர்ந்து சட்டியை விட்டுக் குதித்து ஓடினவாம். ச. சொன்னார். எங்கள் ஊர் மீனுக்கு அந்த சாமர்த்தியம் இருந்திருந்தால் எனக்கு இந்த ஏற்றம் மிச்சம்.

"ஏனுங்கண்ணா, மீனுக்கு மூக்கு எங்க இருக்குது?"

"வேண்டிக்கும்போதே கேட்டிருக்கோணும் தம்பி."

மத்தியானம் இருவரும் என் டப்பாச் சுண்ணாம்பைத் தடவி வெற்றிலை போட்டோம். அவர் கொடுத்த பாக்கு வெட்டவே முடியாத ஜாதி. ஒரு துண்டு கல்லாகவே இருந்தது. பல் கூசியது.

"இது பாக்குங்களா, பாறைங்களா?"

"மலைப் பாக்கு, கண்ணு. கீழ்நாட்டுப் பல்லுக்கு ஆகாது."

துப்பினால் தோற்றதாகும். முழுங்கிவிட்டேன். அவரும் பார்த்தார்.

ஆடி 18

நல்ல வெயில். ஆற்றங்கரை கொள்ளாத கூட்டம். ஒரு கிழவர், "என் காலை மிதிக்கறது ஆருங்க?" மிதித்தது அவர் சம்சாரம். "இத்தனை வருசமா மிதிக்கறேன், இப்பத்தான் கேக்கறீங்க."

சாமி கும்பிட்டாச்சு. சந்நிதியில் கண்ணை மூடவில்லை. மூடினால் கெண்டைதான் தெரிகிறது.

கரையில் ச. ஈரத்துண்டால் கருத்த மீன் ஒன்றைப் பிடித்து நீருக்குள்ளேயே வைத்திருந்தார். பா. சுருக்குப் பையை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே:

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணுங்க. இது என் காச்சலுக்கில்ல. முள்ளு சிக்கி நீங்க கண்ணை உருட்டுனீங்க இல்ல, அப்ப வேண்டிக்கிட்டேன். எம் மூக்குல கெடக்கறதயே கழட்டிப் போடறேன் சாமி, மனுசனைக் குடுத்துருன்னு. நீங்க கேலி பண்ணுவீங்கன்னு சொல்லல."

அவள் கையில் பித்தளை.

என் உசிருக்கு ஈடாக அவள் வேண்டிக்கொண்ட தங்கம். பித்தளையைப் போட்டால் சாமி என்னையும் பித்தளை விலைக்குத்தான் மதிக்கும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். காய்ச்சல் பொய், கெண்டை நிசம், கண்ணாடிக் கல், டப்பா. ச. மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன் என்னைப் பார்த்தது.

பா. திட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. ஈர்க்குச்சி அசையவில்லை. "டப்பாவைத் தெறங்க" என்றாள்.

திறந்தேன். சுண்ணாம்பு. விரலை விட்டுத் துழாவினேன். சுண்ணாம்புதான்.

ச. மெதுவாகச் சொன்னார்: "தம்பி, நேத்து அந்தப் பாக்கு."

மீனை விட்டுவிட்டார்.

ஆடி 19

தூறல். நேற்றே ஊருக்குத் திரும்பியிருக்க வேண்டும். மூக்குத்தி வராமல் இறங்குவதில்லை என்று பா. உட்கார்ந்துவிட்டாள். மலைவாழைப் பழம்: நேற்று ஆறு, இன்று காலை நான்கு, மத்தியானம் ஐந்து. அவளே உரித்துக் கொடுக்கிறாள். காய்ச்சலில்கூட நான் அவளுக்கு இப்படிச் செய்ததில்லை. அதைச் சொன்னேன்.

"தெரியுமுங்க. அப்ப நீங்க மாட்டுச் சந்தைக்குப் போயிட்டீங்க."

இன்னொரு பழம் தின்றேன்.

பக்கத்து ஊட்டு ஆளுக்கும் தெரிந்துவிட்டது. வேலி மேலாக, "ஆச்சுங்களா?" என்கிறார். ச. பதில் சொல்கிறார், "அவசரமில்லீங்க, தங்கம் எங்க போயிரும்."

ஈர்க்குச்சியை எடுத்துவிட்டுப் பித்தளையை மாட்டிக்கொண்டாள். கல் ஆடியது. கோபம் என்று நினைத்தேன். திரும்பிப் பார்த்தால் வாயை முந்தானையில் மூடிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிப்புக்கும் ஆடுமாம். இத்தனை வருசம் பாதிக் கேலியை வீணாக நிறுத்தியிருக்கிறேன்.

ஆடி 20

இளவெயில். காலையில் வந்துவிட்டது. கல்லும் இருக்கிறது. வாய்க்காலில் ஏழு தரம் கழுவி, மஞ்சள் நீரில் போட்டு, மறுபடி கழுவி, மூவரும் ஆற்றுக்குப் போனோம். கூட்டம் இல்லை. பா. வாங்கிக் கண்ணில் ஒற்றி, "நீங்களே போடுங்க" என்று என் கையில் கொடுத்தாள்.

ச. துண்டை நனைத்துக்கொண்டே, ஆற்று நீரில் ஒருதரம் நனைத்து எடுங்க தம்பி என்றார். நனைத்தேன். வழுக்கிவிட்டது. ஒரு மீன் பொரி என்று நினைத்து விழுங்கிவிட்டது.

"போட்டாச்சுங்களா?" என்றாள் பா.

போட்டாச்சு என்றேன்.

"மூக்குலங்களா?"

உள்ளே என்றேன்.

அதன் தொண்டையிலும் சிக்குமோ என்று மூவரும் குனிந்து பார்த்தோம். மீன் இருமவில்லை.