மலைப்பக்கம் சாய்ந்த கோல்

கொட்டகலை, 14 மார்ச் 1963, வியாழன்

மருமகன் சண்முகம் நில அளவைப் பரீட்சையில் தேறிவிட்டார். இதிலும் தவறியிருந்தால் கடைசிவரை அளவுச் சங்கிலி இழுக்கிற கூலி வேலைதான்.

போன வாரம் தேயிலைச் சரிவில் பழகிப் பார்த்தோம். ஆளைவிட உயரமான அளவுகோலை நான் நிமிர்த்திப் பிடித்தேன்; சண்முகம் தூரத்திலிருந்து குழாய்க் கண்ணாடி வழியே அதன் எண்ணைப் படித்தார். சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தும் உயரக் கணக்கு ஒத்துவரவில்லை. மகள் தனம் சிரித்தாள்.

"அப்பா, கொழுந்துக் கூடை தூக்கினவங்க மாதிரி மலைப்பக்கமே சாயிறீங்க. கோலும் கூடச் சாயுது."

மலையில் பிறந்த எல்லோரும் அப்படித்தான் நிற்கிறோம். சாய்த்த ஏணியில் அதே உயரத்துக்குக் கூடுதல் படி ஏற வேண்டும். சாய்ந்த கோலும் அப்படித்தான் கூட்டிக் காட்டும்.

இன்று பரீட்சையில் கோல் பிடித்தவரும் தோட்டத்து ஆள், அவரும் சாய்ந்தாராம். "அண்ணே, மெதுவா முன்னும் பின்னும் ஆட்டுங்க" என்று சொல்லி, தெரிந்ததில் ஆகக் குறைந்த எண்ணை, அதாவது கோல் நேராக நின்ற கணத்து எண்ணை, சண்முகம் எழுதிக்கொண்டார். கணக்கு ஒத்துவந்தது. பரீட்சகர் அங்கேயே கைகொடுத்தாராம்.

"மாமா, நீங்க நேரா நின்னிருந்தா நான் பெயிலுங்க" என்கிறார். பாராட்டா, கேலியா என்று இன்னும் பிடிபடவில்லை.

சற்றுமுன் சுவரோரம் நின்று பார்த்தேன். சாய்ந்துதான் நிற்கிறேன். நிமிர மனம் வரவில்லை.