பூண்டு கட்டிய வண்டி

ஜூலை 7, திங்கள்

காலையில் பரேடு மைதானத்தில் மேகம் இறங்கி உட்கார்ந்துவிட்டது. முன்வரிசைதான் தெரிந்தது. பின்வரிசைப் பிள்ளைகள் சும்மா நின்றிருப்பார்கள் என்று எனக்கே தெரியும். சுபேதார் செல்வமுருகன் விடுவாரா? "ஏலே பொன்னுவேலு, எனக்குத் தெரியாதுன்னு நெனப்பா? முட்டிய மடக்காத." மேகத்துக்குள்ளிருந்து "சாரி சாப்" என்று குரல் வந்தது.

பல்கலைக்கழகம் எங்கள் ஆபீசர் பயிற்சிப் பிரிவுக்குப் புது விளம்பரப் புத்தகம் போடுகிறதாம். பயிற்சி கொடுக்கும் எங்கள் மூன்று பேரையும் படம் எடுத்து, ராணுவத்தில் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். செல்வமுருகன் காலாட்படை. நான் சப்ளை கோர். லடாக்கில் மேல்முனைகளுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் ஏற்றி அனுப்பிய கேப்டன். மேஜர் ஆனந்த் ஆயுதக் கிடங்கு, சர்வீஸ் முழுக்கச் சமவெளி. "என்னை நடுங்க வச்சது ஏசி மட்டும்தான்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அந்த நேர்மைக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

ஜூலை 9

காவ்யாவுக்கு இந்த வருஷம் கேடட் தலைவிப் பட்டை. தோளில் குத்திவிட்டபோது அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அப்பாவுக்கும் இதே கோணல் சிரிப்பு.

நாயக் கருப்புசாமி. லடாக்கில் என் வண்டியின் டிரைவர். அவருக்குக் கீழ்மலை, எனக்குப் பூம்பாறை. அத்தனை தூரத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஊர்தான். அவர் போனபோது காவ்யா மூன்றாம் வகுப்பு. "அப்பா பனியில போயிட்டாரு" என்பதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் அம்மா பழனியம்மாள் என்னிடம் வாக்கு வாங்கியிருக்கிறார். "நடந்ததச் சொன்னா இவளும் அப்பன் மாதிரி யாருக்காச்சும் எறங்கி நிப்பா மேடம். படிச்சு முடிக்கட்டும், நானே சொல்லிக்கிறேன்."

நடந்தது எனக்கும் பழனியம்மாளுக்கும் தெரியும். ஆனந்த் சாருக்கும் தெரியும். போன டிசம்பரில், கருப்புசாமி இறந்த தேதி அன்று, மனது தாங்காமல் கேன்டீன் மூலை மேசையில் அவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். காவ்யா யார் மகள் என்பதை மட்டும் சொல்லவில்லை. ராணுவ அதிகாரிகள் மெஸ்ஸில் பேசியது மெஸ்ஸை விட்டு வெளியே போகாது, அது எங்கள் பழக்கம். இங்கே மெஸ் ஏது? அந்த மூலை மேசைதான் எங்களுக்கு மெஸ்.

ஜூலை 19

புத்தகம் வந்துவிட்டது. பளபள தாள். மேஜர் ஆனந்த் — "பனிமலை முனைகளில் உயிரைப் பணயம் வைத்த அனுபவம்." கேப்டன் மகாதேவி — "நிர்வாகம், உணவு வழங்கல்." செல்வமுருகன் — "அணிவகுப்பு." அந்த மனுஷன் எல்லையில் குண்டடி பட்டவர். அணிவகுப்பாம்.

"என்ன சார், கிடங்குல எந்தப் பக்கம் பனி பெஞ்சுது?" என்று கேட்டேன். ஆனந்த் சார் வாய்விட்டுச் சிரித்தார். "மார்க்கெட்டிங் டிபார்ட்மென்ட் வேலை மஹா. விடு." விட்டேன். வடை அவர் வாங்கிக் கொடுத்தார்.

ஜூலை 20

வடைக்கு மயங்கிவிட்டேனோ? உறுத்துகிறது.

ஆகஸ்ட் 4, திங்கள்

 கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

இரண்டாம் ஆண்டு வகுப்பைத் தாண்டிப் போனேன். உள்ளே ஒரே சிரிப்பு. ஜன்னல் ஓரம் நின்றேன். ஆனந்த் கதை சொல்லிக்கொண்டிருக்கிறார். லடாக், கணவாய், பனிச்சரிவு. முன்னாலும் பின்னாலும் பாதை மூடிவிட்டது. வண்டிக்குள் ஆட்கள். குளிருக்கு இன்ஜினை அணைக்க முடியாது, ஆனால் பனி ஏறி சைலன்சரை அடைத்தால் புகை உள்ளே வந்து எல்லாரும் தூக்கத்திலேயே போய்விடுவார்கள். யாராவது இறங்கி இறங்கிப் பனியைத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

என் கதை. இல்லை, என் கதைகூட இல்லை. கருப்புசாமியின் கதை.

"டிரைவரைப் பாத்து எறங்குடான்னேன்," என்கிறார். "அவன் எறங்கணுமே! வண்டி பூரா பூண்டைக் கட்டித் தொங்க விட்டிருப்பான். அந்த நாத்தத்துல உக்காந்து, பூண்டை மென்னுக்கிட்டே சாமி கும்புடுறான். கடைசியில நானே எறங்கிட்டேன்." பூண்டு மெல்லுகிற மாதிரி கன்னத்தை உப்பிக் காட்டினார். வகுப்பே உருண்டது. முன்வரிசையில் கண்ணில் நீர் வரச் சிரித்தது காவ்யா.

பாவி. எப்படிய்யா மனசு வந்துச்சு?

இறங்கியது கருப்புசாமி. நான் இறங்கப் போனபோது கதவை வெளியிலிருந்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, "நீங்க உள்ள இருங்க மேடம், எனக்கு இது தோட்டத்து வேல மாதிரி" என்றவர். விடிய விடிய இறங்கினார். பனி தள்ளும் மட்டையும் உடைந்தபின் சோற்றுப் பானை மூடியால் தள்ளினார். வெளிச்சம் வரும் நேரத்துக்கு இரண்டாவது சரிவு வந்தது. உள்ளே இருந்த நாங்கள் எல்லோரும் பிழைத்தோம்.

அந்தப் பூண்டு என் வீட்டுப் பூண்டு. எங்கள் ஐயா பரணில் கட்டிப் புகை போட்டு, பார்சலில் அனுப்பியது. மேலே மூச்சுத் திணறலுக்கு நல்லது என்று எல்லாரும் ஆளுக்கு இரண்டு பல் மெல்லுவோம். ஊர் வாசம் வரட்டும் என்று கருப்புசாமி அதை வண்டியில் கட்டித் தொங்கவிட்டார்.

வகுப்புக்குள் போய் அந்த ஆளின் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். ஏன் போகவில்லை? போயிருந்தால், அத்தனை பேர் சிரித்து முடித்த வாயோடு பார்த்துக்கொண்டிருக்க, அது உன் அப்பன் என்று அந்தப் பெண்ணுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் திரும்பி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5

கேட்டுவிட்டேன். அதே மூலை மேசையில்.

"சார், அது நான் உங்களை நம்பிச் சொன்னது."

"தெரியும் மஹா. நீ அதை யார்ட்டயும் சொல்ல மாட்டேங்குற. டெட் ஸ்டாக் மாதிரி கெடந்துச்சு. நான் எடுத்து யூஸ் பண்ணேன். பசங்க மோட்டிவேட் ஆகுறாங்க இல்ல?"

டெட் ஸ்டாக். கிடங்கு புத்தி எங்கே போகும்.

"சரி, டிரைவரை எதுக்கு சார் கோழையாக்குனீங்க?"

"பயந்தவன் ஒருத்தன் இருந்தாத்தான் கதை நிக்கும். பேரு எதுவும் சொல்லலையே?" என்று டீயை உறிஞ்சினார். முகத்தில் கொஞ்சம்கூடக் கலக்கம் இல்லை. நான்தான் அல்பமாகச் சண்டை போடுகிற மாதிரி என்னைப் பார்த்தார்.

காவ்யா அந்த டிரைவரின் மகள் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கிவிட்டேன். கொடுத்ததே போதும். இன்னொன்றையும் இந்த ஆளிடம் கொடுப்பதா?

மூன்று வருஷமாக இவரைத்தான் நண்பர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஐயாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது ராத்திரியென்று பாராமல் பூம்பாறைக்கு வண்டி ஓட்டி வந்தவர். அதுவும் நிஜம்தானே? அதுதான் இன்னும் எரிகிறது.

ஆகஸ்ட் 8

பதிவாளரிடம் போனேன். உட்காரச் சொல்லி, சுக்குக் காப்பி கொடுத்து, பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மேடம், இங்க சேர வர்ற பேரன்ட்ஸ் போர்முனையைத்தான் கேக்குறாங்க. ரேஷனைக் கேக்கல" என்றார். சுதந்திர தின விழாவில் பெற்றோர் முன்னால் மேஜர் அந்தக் கதையைச் சொல்லப் போகிறாராம். அடுத்த மாதம் பிரிவின் இயக்குநராகவும் அவர்தான்.

காப்பி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டு வந்தேன். வேறு என்ன சொல்ல?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

வாக்கைத் திருப்பிக் கேட்கலாம் என்று கீழ்மலைக்குப் போனேன். காவ்யாவிடம் உண்மையைச் சொல்ல அனுமதி வேண்டும், அவ்வளவுதான். விழாவில் அவள் முன்வரிசையில் நிற்பாள். மறுபடியும் அந்தக் கதையைக் கேட்டு அவள் சிரிக்கக் கூடாது.

பழனியம்மாள் காப்பித் தோட்டத்தில் களை வெட்டிவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். காலில் அட்டை கடித்த ரத்தம். வழக்கமாக "வாங்க மேடம்" என்று ஓடி வருபவர், இன்றைக்கு மெதுவாகத்தான் நிமிர்ந்தார்.

"நேத்து பாப்பா வந்துட்டுப் போச்சு," என்றார். "மேஜர் சார் கதைன்னு ஒண்ணு சொல்லுச்சு. நடிச்சுக் காமிச்சுச்சு. பூண்டு கட்டுன வண்டின்னு சொன்னதுமே எனக்குத் தெரிஞ்சு போச்சு."

எனக்குத் தலை நிமிரவில்லை.

"அது விழுந்து விழுந்து சிரிக்குது. நான் சும்மா இருந்தா ஏம்மான்னு கேக்கும். நானும் சிரிச்சேன் மேடம்."

கொஞ்ச நேரம் காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார், "அவருக்கு யாரு சொன்னா?"

"நான்தான்க்கா."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். ஆனந்த் எனக்குச் செய்ததை நான் இவருக்குச் செய்திருக்கிறேன் என்று அந்த நிமிஷம்தான் உறைத்தது. நம்பித்தான் சொன்னேன், கெட்ட எண்ணம் இல்லை, எல்லாம் சரி. சொன்னது சொன்னதுதானே?

கிளம்பும்போது வாசல்வரை வந்தார். "நீங்களே பாப்பாட்ட சொல்லிருங்க. சிரிச்ச வாயால நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஆகஸ்ட் 13

சொன்னேன். பரேடு முடிந்து மைதானம் காலியான பிறகு, படிக்கட்டில் உட்காரவைத்து. சைலன்சர், பானை மூடி, கதவை வெளியிலிருந்து பிடித்தது, எல்லாவற்றையும்.

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "நான் சிரிச்சேனே மேடம். எங்கம்மா முன்னாடி நடிச்சு வேற காட்டுனேன்."

 தோளைத் தொடப் போனேன், நகர்ந்துகொண்டாள்.

எழுந்தபின் ஒன்றுதான் கேட்டாள். "அந்தப் பூண்டு ஏது?"

"எங்க வீட்டுது. எங்க ஐயா அனுப்புனது."

தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 14

ஐந்து நிமிஷம் பேச அனுமதி கேட்டேன். நிகழ்ச்சி நிரல் முடிவாகிவிட்டதாம். மைக்கைப் பிடுங்கியாவது பேசிவிடுவேன். நாளைக்கு வேலை போனால் போகட்டும், பூம்பாறையில் பூண்டு உரிக்க ஆள் தேவைதான்.

ஆகஸ்ட் 15

நான் பேசவில்லை. பேச வேண்டியிருக்கவில்லை.

கொடியேற்றினதும் ஆனந்த் மைக்கைப் பிடித்தார். பந்தல் நிறையப் பெற்றோர். ஊரிலிருக்கும் முன்னாள் ராணுவத்தார் பத்துப் பன்னிரண்டு பேர் மெடல் குத்திக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தார்கள். கணவாய், பனி, பூண்டு. கன்னத்தை உப்பினார். கூட்டம் சிரித்தது. நான் எழுந்துவிட்டேன்.

அதற்குள் கேடட் வரிசையிலிருந்து காவ்யா ஓர் அடி முன்னால் வந்து விறைப்பாக நின்றாள்.

"சார், ஒரு கேள்வி."

ஆனந்துக்கு மகிழ்ச்சி. "கேளும்மா."

"அந்த டிரைவர் பேரு என்ன சார்?"

சின்னக் கேள்வி. ராணுவத்தில் எவனும் இதற்குத் தடுமாற மாட்டான். கூட இருந்தவன் பேர், அவன் ஊர், அவன் பிள்ளை என்ன படிக்கிறது என்பது வரை அதிகாரிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதுதான் எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடம், அதைத்தான் நாங்களும் இந்தப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்கிறோம். டிசம்பரில் நான் அந்தப் பெயரை எத்தனை முறை சொல்லி அழுதேன்.

ஆனந்த் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "பேரு... எத்தனையோ டிரைவர்ம்மா. இப்ப ஞாபகம் இல்ல."

மெடல் குத்தியவர்களிடம் சிரிப்பு நின்றது. செல்வமுருகன் மெதுவாகத் திரும்பி ஆனந்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது.

"நாயக் கருப்புசாமி, சார்," என்றாள் காவ்யா. குரல் பிசிறவில்லை. "அவர்தான் எறங்கினாரு. எங்கப்பா." ஓர் அடி பின்வாங்கி வரிசையில் நின்றுகொண்டாள்.

யாரோ தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்றோம்.

ஆகஸ்ட் 18

ஆனந்த் என் அறைக்கு வந்தார். "அந்தப் பொண்ணு அவர் மகள்னு நீ ஏன் சொல்லல மஹா? என்னை மாட்டி விட்டுட்டியே." அவருக்குத்தான் துரோகம் நடந்துவிட்டதாம். மேசை மேலிருந்த வருகைப் பதிவேட்டைத் திறந்துகொண்டேன். போய்விட்டார்.

செப்டம்பர் 1

ஆனந்த் இயக்குநர் ஆகிவிட்டார். புத்தகத்தில் ஒரு வரியும் மாறவில்லை. விழா சிறப்பாக நடந்தது என்று சுற்றறிக்கை வந்தது. நான் ராஜினாமா எழுதி, கிழித்து, மறுபடி எழுதி, கிழித்துவிட்டேன். காவ்யா படித்து முடிக்கும்வரை இங்கிருந்து நகரமாட்டேன்.

அவள் என்னிடம் வகுப்பில் மட்டும் பேசுகிறாள். "எஸ் மேடம், நோ மேடம்." அவ்வளவுதான். கேன்டீன் மூலை மேசையில் நான் இப்போது உட்காருவதில்லை.

அக்டோபர் 5

பூம்பாறைக்குப் போயிருந்தேன். பரணில் ஒரு கொத்து குறைந்திருந்தது. ஐயாவைக் கேட்டேன்.

"ஒரு புள்ள பஸ் ஏறி வந்துச்சுத்தா. கீழ்மலைப் புள்ளயாம். லடாக்குக்கு அனுப்புன மாதிரி ஒரு கொத்து குடுங்க தாத்தான்னுச்சு. நல்லாப் புகை ஏறுனதா பாத்துக் குடுத்தேன். காசு வாங்கல."

அக்டோபர் 8, புதன்

புது இயக்குநரின் முதல் பரேடு ஆய்வு. வழக்கப்படி அவர் திறந்த ஜீப்பில் நின்றபடி வரிசைகளைச் சுற்றி வர வேண்டும். ஜீப் கழுவித் தயாராக நின்றது. முன்கண்ணாடிச் சட்டத்தில் பூண்டுக் கொத்து ஒன்று கட்டித் தொங்கியது. மைதானம் முழுக்கப் புகையும் பூண்டுமாக வாசம்.

ஆனந்த் வந்தார், பார்த்தார். "யாரு கட்டுனது? அவுத்துப் போடச் சொல்லுங்க."

செல்வமுருகன் விறைப்பாக நின்று, நேராகப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கேடட் தலைவி கட்டுனது சார். நான் அவுக்க மாட்டேன்." பிள்ளைகள் யாரும் அசையவில்லை. காவ்யா வரிசையின் தலைப்பில் நின்றிருந்தாள். படிக்கட்டில் பேசிய நாளுக்குப் பிறகு முதல் முறையாக என் கண்ணைப் பார்த்தாள்.

ஆனந்த் ஜீப்பில் ஏறவில்லை. தொப்பியைச் சரிசெய்துகொண்டு, வரிசைகளைப் பார்க்க நடந்தே போனார்.